சுவிஸ் விசாவுக்கு 71 ஆயிரம் கொடுத்து நான் படித்தது

திருநெல்வேலியில், பாளை மார்க்கெட் பக்கம் எட்டடிக்குப் பத்தடியில் ஒரு கடிகாரக் கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்துக் கடை. முன்பக்கம் சுவர்க் கடிகாரமும் பேட்டரியும் வியாபாரம், பின்பக்கம் மேசை விளக்குக்குக் கீழே ரிப்பேர் வேலை. வயது 52. இந்த வயதுவரை கொழும்பைக்கூட எட்டிப் பார்த்தது கிடையாது. எனக்கு இருந்த ஒரே வெளிநாட்டு ஆசை, சுவிட்சர்லாந்தில் ஜூரா மலைமேல் இருக்கும் லா ஷோ-டி-ஃபோன் என்ற ஊரைப் பார்ப்பது. அப்பாவுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையாது, ‘சாக்ஸ் டி பாண்ட்ஸ்’ என்பார். பழைய வாட்ச் கேட்டலாக்குகளில் அந்த ஊர்ப் பெயரைப் பார்த்துப் பார்த்து, அது என்னவோ நம்ம பத்தமடை மாதிரி, பத்தமடையில் பாய் என்றால் அங்கே கடிகாரம் என்று சின்ன வயதிலேயே என் மனதில் பதிந்துவிட்டது. கடிகாரத்துக்கென்றே பெரிய அருங்காட்சியகம் ஒன்று அங்கே இருக்கிறது. மகள் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து வீட்டுப் பொறுப்பு கொஞ்சம் குறைந்ததும், ‘எனக்குக் குளிரு ஆகாது, நீங்க போயிட்டு வாங்க. போயிட்டு வந்தாத்தான் இந்தப் பேச்சு ஓயும்’ என்று என் மனைவி அனுமதி கொடுத்துவிட்டாள். அது 2025 ஜனவரி, பொங்கல் முடிந்த வாரம். விசா எடுப்பது இவ்வளவு பெரிய வேலை என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் இந்த எழுத்துக்கு வேலையே இருந்திருக்காது.

தெரிந்தவர் ஒருவர் சொல்லி ஜங்ஷன் பக்கம் ஒரு டிராவல்ஸுக்குப் போனேன். இருந்த தம்பி நல்ல பேச்சுக்காரர். ‘ஒண்ணும் கவலப்படாதிய அண்ணாச்சி. பேங்குல மூணு லட்சத்துக்கு மேல பேலன்ஸ் காட்டுங்க, மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கிடுதோம்’ என்றார். அவருடைய கட்டணம் 15,000. அப்பாயிண்ட்மெண்ட் சீக்கிரம் கிடைக்க இன்னொரு 3,000. இந்த 3,000-ஐப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். விசாக் காகிதங்களை வாங்கும் விண்ணப்ப மையத்தில் நேரம் பதிவு செய்வதை யார் வேண்டுமானாலும் தன் கணக்கிலிருந்தே செய்துகொள்ளலாம். கோடை விடுமுறைக்கு முன்னால் தேதி கிடைப்பது கஷ்டம்தான், ஆனால் பதிவை ரத்து செய்கிறவர்களின் இடம் அவ்வப்போது திறந்துகொண்டே இருக்கும். இரண்டாவது தடவை விண்ணப்பித்தபோது நான் காலையில் காபி குடிக்கும்போது ஒரு பார்வை, ராத்திரி கடையடைத்ததும் ஒரு பார்வை என்று ஒன்பது நாள் பார்த்தேன், கிடைத்துவிட்டது. ஒரு பைசா கூடுதலாகக் கொடுக்கவில்லை.

சரி, பேலன்ஸுக்கு வருகிறேன். என் கணக்கில் அப்போது 41,000 இருந்தது. நான் காசு இல்லாதவன் இல்லை, காசை பேங்கில் வைக்காதவன். சீட்டில் இருக்கும், மனைவி கழுத்தில் இருக்கும், கொஞ்சம் போஸ்ட் ஆபீசில் இருக்கும், கல்லாவில் வருவது கல்லாவிலிருந்தே மொத்த வியாபாரிக்குப் போய்விடும். நம்ம பக்கம் கடை வைத்திருக்கிற முக்கால்வாசிப் பேர் இப்படித்தான். ஆகவே என்ன செய்தேன் என்றால், 2 லட்ச ரூபாய் ஏலச் சீட்டை முன்கூட்டியே தள்ளி எடுத்தேன். தள்ளியதில் 14,000 போய் 1,86,000 கைக்கு வந்தது. மச்சானிடம் 1,50,000 கைமாற்று வாங்கினேன். இரண்டையும் ஒரே நாளில் பேங்கில் கட்டினேன். கட்டிவிட்டு வெளியே வந்து பாஸ்புக்கைப் பார்த்தபோது, என்னமோ பெரிய பணக்காரனாகிவிட்ட மாதிரி ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. பன்னிரண்டாம் நாள் அந்த ஸ்டேட்மெண்ட் விண்ணப்பத்தோடு போனது.

மூன்று மாத ஸ்டேட்மெண்டைக் கேட்பதே, பணம் எப்படி வந்து எப்படிப் போகிறது என்று பார்ப்பதற்குத்தான். கடைசி வரியில் நிற்கும் தொகை அவர்களுக்கு இரண்டாம் பட்சம். மூன்று மாதமும் 8,000-க்கும் 41,000-க்கும் நடுவில் ஊசலாடிக்கொண்டிருந்த கணக்கில் திடீரென்று ஒரே நாளில் 3,36,000 ரொக்கம் விழுந்தால், பார்க்கிறவருக்கு என்ன தோன்றும்? கடன் வாங்கிப் போட்டிருக்கிறான் என்று தோன்றும். உண்மையும் அதுதானே. இத்தனைக்கும் சுவிட்சர்லாந்து எதிர்பார்ப்பது ஒரு நாளைக்கு 100 பிராங்க் செலவுக்கு இருக்கிறதா என்பதை. பத்து நாளுக்கு 1,000 பிராங்க். நம்ம காசில் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. டிக்கெட்டும் தங்குமிடமும் ஏற்கெனவே ஏற்பாடாகி இருந்தால், உங்கள் சொந்தப் பணம் நிதானமாக வந்து சேர்ந்த இரண்டு லட்சம், ராத்திரியோடு ராத்திரியாக வந்து இறங்கிய நாலு லட்சத்தைவிட மதிப்பு. இதை அந்தத் தம்பி சொல்லவில்லை. அவருக்கே தெரியாதோ என்னவோ.

அடுத்த தப்பு டிக்கெட். ‘ஏப்ரலுக்கு ஆஃபர் போடுதான் அண்ணாச்சி, இப்ப விட்டா பொறவு எண்பதாயிரம் ஆயிரும்’ என்று சொல்லி, திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடா வழியாகச் சூரிச் போய்வர 61,400-க்கு டிக்கெட் போட்டுவிட்டார். விசா கையில் வருவதற்கு முன்னால் டிக்கெட்டுக்கு முழுப் பணம் கட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. போகும் தேதி, வரும் தேதி காட்டும் முன்பதிவு இருந்தால் போதும். கேன்சல் செய்தபோது 38,000 திரும்பி வந்தது. 23,400 காற்றோடு போயிற்று.

பிப்ரவரியில் விண்ணப்பம் கொடுக்கச் சென்னைக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினேன். சென்னையில் சித்தி வீடு இருக்கிறது, வெறுங்கையோடு போக முடியுமா? ஒரு கிலோ அல்வா வாங்கிப் பையில் வைத்திருந்தேன். விண்ணப்ப மைய வாசலில் காவலாளி, பையோடு உள்ளே விடமாட்டோம் என்றுவிட்டார். எதிரே டீக்கடைக்காரர் பை வைக்க 50 ரூபாய் வாங்கினார். அல்வாவை அங்கே விட்டுவிட்டுப் போக மனசே இல்லை. ஃபைலையும் போனையும் மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள், மற்றதெல்லாம் சொந்தக்காரர் வீட்டிலேயே இருக்கட்டும்.

உள்ளே முதல் பிரச்சினை போட்டோ. பாளையில் எனக்குப் பழக்கமான ஸ்டூடியோவில் எடுத்தது. 35-க்கு 45 மில்லிமீட்டர், வெள்ளைப் பின்னணி, எல்லாம் சரி. ஆனால் பழக்கத்துக்கு அவர் கொஞ்சம் அதிகமாகவே மரியாதை செய்துவிட்டார். என்னை மாநிறமாக்கி, கன்னத்து மச்சத்தை எடுத்து, பத்து வயது குறைத்திருந்தார். கவுண்டரில் இருந்த பெண் போட்டோவையும் என்னையும் இரண்டு தடவை பார்த்துவிட்டு, ‘சார், இது உங்க தம்பியா?’ என்று கேட்டாள். அங்கேயே வேறு எடுத்தேன், தனிக் காசு. ஸ்டூடியோவில் உட்காரும்போதே ‘டச் பண்ணாதீங்க’ என்று சொல்லிவிடுங்கள்.

அப்புறம் விரல் ரேகை. முப்பது வருஷமாகப் பெட்ரோலில் வாட்ச் சாமான் கழுவுகிற கை. வலது கை ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் சாமணம் பிடித்துப் பிடித்து வழவழவென்று ஆகிவிட்டன. மிஷின் சிவப்பு விளக்கையே காட்டிக்கொண்டிருந்தது. துடைத்து வைத்தேன், ஈரத் துணியில் ஒற்றி வைத்தேன், அழுத்தி வைத்தேன். எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. கடைசியில் அந்தப் பையன் என் விரலைத் தானே பிடித்து, ஒரு பக்கமாகச் சாய்த்து உருட்டியதும்தான் பச்சை எரிந்தது. கட்டட வேலை, பீடி சுற்றும் வேலை, பாத்திர வேலை செய்கிறவர்களுக்கும் இது வரும். இரண்டு நாள் முன்னாலிருந்தே ராத்திரி கையில் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டு, அன்றைக்குக் காலையில் நன்றாகக் கழுவிவிட்டுப் போங்கள். ஒரு தடவை கொடுத்த ரேகை 59 மாதத்துக்குச் செல்லும் என்பதால் இரண்டாவது விண்ணப்பத்தில் எனக்கு அந்தப் பாடு இல்லாமல் போயிற்று.

விசா கட்டணம் 90 யூரோ. 2024 ஜூனுக்கு முன்னால் 80 யூரோவாக இருந்ததாம். மையத்தின் சேவைக் கட்டணம், கூரியர் எல்லாம் சேர்த்து 11,200 ரூபாய் ஆனது. விசா மறுத்தாலும் திரும்பி வராது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: அந்த மையத்தில் இருப்பவர்கள் காகிதத்தை வாங்கி அடுக்கி அனுப்புகிறவர்கள் மட்டும்தான். கொடுப்பதும் மறுப்பதும் தூதரகம். கவுண்டரில் சிரித்து வாங்கிக்கொண்டார்கள், ஆகவே கிடைத்துவிடும் என்று நான் சித்தி வீட்டில் போய் அல்வாவைப் பிரித்துக் கொண்டாடினேன்.

பத்தொன்பதாம் நாள் கூரியர் வந்தது. கடையில் ஆள் இருந்தார்கள். கவரைப் பிரித்தால் பாஸ்போர்ட்டோடு ஒரு தாள். வரிசையாகக் காரணங்கள் அச்சிட்டு, பக்கத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள். இரண்டில் குறி போட்டிருந்தது. ஒன்று, பயணத்தின் நோக்கத்துக்கும் தங்குவதற்கும் நான் கொடுத்த விளக்கம் நம்பத்தகுந்ததாக இல்லை என்பது. மற்றது, விசா முடிவதற்குள் நான் திரும்பிப் போவேன் என்பதில் நியாயமான சந்தேகம் இருக்கிறது என்பது. இரண்டாவதைப் படித்ததும் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. எங்க அப்பா கடையை விட்டுவிட்டு, இந்த 52 வயதில், பாஷை தெரியாத ஊரில் போய் ஒளிந்துகொண்டு நான் என்ன பிழைப்புப் பிழைக்கப் போகிறேன்? வந்திருந்த வாடிக்கையாளரிடம் பேட்டரிக்கு 60 ரூபாய் வாங்க மறந்து அனுப்பிவிட்டேன்.

ஊர் முழுக்கச் சொல்லியிருந்தேன், அதுதான் பெரிய கொடுமை. டவுன் பக்கம் போனால் ‘என்ன அண்ணாச்சி, சுவிஸ் எப்ப?’ என்று கேட்பார்கள். ஒருத்தர் நிஜமாகவே சாக்லேட்டுக்கு முன்பணம் கொடுக்க வந்தார். ஒரு வாரம் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு உள்ளே இருந்தேன். மனைவி ஒன்றும் கேட்கவில்லை. மச்சான் பணத்தை மட்டும் மறுநாளே எடுத்துக் கொடுத்து அனுப்பினாள். டிராவல்ஸில் போய்க் கேட்டதற்கு, ‘லக்கு இல்ல அண்ணாச்சி. அடுத்த தடவை வேற நாடு வழியாப் போடுவோம், அங்க ஈசியாத் தருவான்’ என்றார். அதுவும் தப்பு. ஒரே விசாவில் சுற்றி வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளை ஷெங்கன் நாடுகள் என்பார்கள். அவை 29 இருந்தாலும், அதிக நாள் எங்கே தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும். எல்லாவற்றிலும் சம நாள் என்றால் முதலில் கால் வைக்கும் நாடு. சுலபமாகக் கிடைக்கிறது என்று ஒரு நாட்டில் வாங்கிவிட்டு இன்னொன்றிலேயே முழு நேரமும் இருந்தால், அடுத்த தடவை கேட்கும்போது அதுவே வினையாகும்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஏஜென்ட்டுக்கு 18,000, விசாக் கட்டணம் வகையில் 11,200, டிக்கெட்டில் 23,400, சீட்டைத் தள்ளியதில் 14,000, காப்பீட்டுக்கு 1,850, சென்னை போய்வந்தது, சாப்பாடு, போட்டோ என்று 2,600. மொத்தம் 71,050. காப்பீட்டுப் பணத்தையாவது திரும்ப வாங்கியிருக்கலாம். மறுப்புத் தாளைக் காட்டி, பயணத் தேதிக்கு முன்னால் எழுதிக் கொடுத்தால் பல கம்பெனிகள் கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைத் தந்துவிடுகின்றன. எனக்கு அது தெரிந்தபோது அந்தத் தேதி தாண்டிவிட்டது.

சித்திரை பிறந்த சமயம். ரிடையர் ஆன ஆங்கில வாத்தியார் ஒருவர் தன்னுடைய பழைய ஹெச்எம்டி ஜனதா வாட்சை எடுத்துக்கொண்டு வந்தார். பாளையில் வாத்தியார்களைச் சார்வாள் என்றுதான் கூப்பிடுவோம். சாவி கொடுத்தால் பத்து நிமிஷம் ஓடி நின்றுவிடுகிறது என்றார். பின்மூடியைத் திறந்து பேலன்ஸ் வீலைப் பார்த்துக்கொண்டே என் கதையைச் சொன்னேன். ‘நீ என்ன எழுதிக் குடுத்தே, அதைக் காட்டுடே’ என்றார். ஏஜென்ட்டிடம் கெஞ்சி வாங்கி வைத்திருந்த நகலை எடுத்துக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டேனே தவிர நானே அதுவரை முழுசாகப் படித்ததில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். சார்வாள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். இரண்டாவது பத்தியில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

‘உனக்கு எந்தக் கம்பெனிடே லீவு குடுத்திருக்கு?’

‘கம்பெனியா? நம்ம கடைதானே சார்வாள்.’

‘இதுல உன் கம்பெனி உனக்குப் பத்து நாள் லீவு குடுத்திருக்குன்னு போட்டிருக்கு. உன் குடும்பத்தோட போறேன்னும் போட்டிருக்கு. இது நீ எழுதினது இல்ல. வேற எவனுக்கோ எழுதினதுல உன் பேரை மாத்திருக்கான்.’

அதோடு முடியவில்லை. பயணத் திட்டம் என்று லூசெர்னில் நாலு ராத்திரி, இன்டர்லாக்கனில் ஐந்து ராத்திரி, டிட்லிஸ் பனிமலை, யுங்ஃப்ராவ் ரயில் என்று, நான் கேட்காத இடமாகப் போட்டிருந்தது. லா ஷோ-டி-ஃபோன் என்ற பெயரே அதில் இல்லை. கடிகாரம் என்ற சொல்லும் இல்லை. ஓட்டல் பதிவுகளை விண்ணப்பம் கொடுத்த மறுவாரமே ரத்து செய்திருந்தார்கள் என்று பிறகு ஓட்டலுக்கு மெயில் போட்டுத் தெரிந்துகொண்டேன். விண்ணப்பப் படிவத்தில் என் செல் நம்பருக்குப் பதில் ஏஜென்ட்டுடைய நம்பரும் மெயிலும் இருந்தன. தூதரகத்திலிருந்து யாராவது கூப்பிட்டார்களா, ஏதாவது கேட்டார்களா, எனக்குத் தெரியவே தெரியாது. தயவுசெய்து இந்த ஒன்றையாவது செய்யுங்கள்: யார் நிரப்பிக் கொடுத்தாலும், கையெழுத்துக்கு முன்னால் உங்கள் நம்பர், உங்கள் மெயில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆங்கிலம் தெரியாவிட்டால் படித்துச் சொல்ல ஊரில் ஒரு சார்வாள் இருப்பார்.

மறுப்பை எதிர்த்து 30 நாளுக்குள் எழுதிப் போடலாம் என்று தாளிலேயே இருந்தது. ஆனால் அனுப்பிய காகிதமே பொய்யாக இருக்கும்போது எதை வைத்து எதிர்ப்பது? மறுபடி விண்ணப்பிக்க இத்தனை மாதம் பொறுக்க வேண்டும் என்று விதி எதுவும் கிடையாது, மறுநாளே போடலாம். நான்தான் செப்டம்பருக்குப் போகலாம் என்று முடிவு செய்து ஐந்து மாதம் எடுத்துக்கொண்டேன். ஸ்டேட்மெண்டில் சில மாதமாவது ஒழுங்காகத் தெரிய வேண்டும் என்பதற்காக.

சீட்டுப் பணத்தை எடுக்காமல் அப்படியே விட்டேன். கடை மேசையில் ஜிபே அட்டை ஏற்கெனவே இருந்தது, ஆனால் ரொக்கம் கொடுத்தால்தான் எனக்குப் பிடிக்கும். அதை மாற்றிக்கொண்டேன். ரொக்கமாக வந்ததையும் திங்கள், வியாழன் என்று வாரம் இரண்டு நாள் பேங்கில் கட்டினேன். மொத்த வியாபாரிக்குக் கொடுப்பதும் கணக்கு வழியே போனது. ஆனித் தேரோட்டச் சமயத்தில் வியாபாரம் ஏறியதுகூட ஸ்டேட்மெண்டில் தெரியும். ஆகஸ்டில் எடுத்துப் பார்த்தபோது, என் கடை முதல் தடவையாகக் காகிதத்திலும் இருந்தது. பேங்கில் வெறும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள், ஒவ்வொரு பக்கமும் சீலும் கையெழுத்தும் கேட்டு வாங்குங்கள். எனக்கு இரண்டு நடை ஆயிற்று.

வருமான வரிக் கணக்கு இரண்டு வருஷம் தாக்கல் செய்திருந்தேன். முதல் தடவை ஏஜென்ட், ‘நாலரை லட்சம்னு காட்டினா சிரிப்பான் அண்ணாச்சி’ என்று அதை வைக்கவே இல்லை. இந்தத் தடவை வைத்தேன். மாநகராட்சிக்குக் கட்டிய தொழில் வரி ரசீது, உத்யம் பதிவுச் சான்று, கடை வாடகை ஒப்பந்தம், வீட்டுப் பட்டா, மனைவி பெயரில் இருக்கும் போஸ்ட் ஆபீஸ் டெபாசிட், எங்கள் கல்யாணப் பதிவு. திரும்பி வருவான் என்பதற்கு நம்மிடம் இருக்கிற சாட்சி இதெல்லாம்தான். தமிழில் இருந்ததை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து நோட்டரி கையெழுத்தோடு சேர்த்தேன். காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையாமல், ஷெங்கன் நாடுகள் முழுவதும் செல்லுபடியாகிற மாதிரி எடுக்க வேண்டும், பயண நாள் அனைத்தும் அதற்குள் அடங்க வேண்டும். பாஸ்போர்ட் எடுத்துப் பத்து வருஷத்துக்குள் இருக்க வேண்டும், திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் உயிரோடு இருக்க வேண்டும், இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும்.

பெயர் விஷயம் நம்ம ஆட்களுக்கென்றே வந்த தலைவலி. பேங்கில் என் பெயருக்கு முன்னால் ஒற்றை இனிஷியல். பான் கார்டில் அது அப்பா பெயராக விரிந்திருக்கிறது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர் கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. மூன்றும் ஒரே ஆள்தான் என்று அந்த அதிகாரிக்கு எப்படித் தெரியும்? பாளை கோர்ட் பக்கம் 300 ரூபாய் கொடுத்து, மூன்று பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று ஒரு பிரமாணப் பத்திரம் எடுத்து வைத்தேன். புதிதாகப் பாஸ்போர்ட் எடுக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன்: குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு அமீரகம் 2022 நவம்பரில் சுற்றுலா விசாவை நிறுத்தி, பிறகு இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் சரி என்று இறங்கி வந்தது. அதற்குள் ஏர்போர்ட்டில் அலைந்தவர்கள் நம்ம ஜில்லாவிலேயே உண்டு.

கடைசியில் கடிதம். நான் தமிழில் சொல்லச் சொல்ல சார்வாள் ஆங்கிலத்தில் எழுதினார், ஒன்றரைப் பக்கம். கடை எங்கே இருக்கிறது, என்ன வருமானம், யார் யார் வீட்டில், நான் இல்லாத பத்து நாளும் கடையை யார் பார்ப்பார்கள் என்று. அப்புறம், 1794-இல் லா ஷோ-டி-ஃபோன் தீப்பிடித்து எரிந்த பிறகு ஊரையே நேர்கோட்டுத் தெருக்களாகக் கட்டி எழுப்பினார்கள், கடிகார வேலைக்காரர்களின் சன்னலுக்கு வெளிச்சம் வர வேண்டும் என்று. அந்தச் சன்னல்களைப் பார்க்க வேண்டும் என்று எழுதச் சொன்னேன். என் கடையில் சன்னல் கிடையாது, பகலிலும் விளக்குப் போட்டுத்தான் வேலை. அதையும் எழுதினார். பெர்னில் மணிக்கூண்டு ஒரு நாள், லா ஷோ-டி-ஃபோனில் மூன்று ராத்திரி, பக்கத்து ஊர் லெ லோக்கிள், பிறகு ஜெனீவா. அருங்காட்சியகத்துக்குத் திங்கள்கிழமை விடுமுறை என்பதால் செவ்வாய்க்கிழமை போட்டோம். ஓட்டல் எல்லாம் என் பெயரில், கட்டணமில்லாமல் ரத்து செய்யக்கூடியதாக, நானே போட்டு, விசா வரும்வரை தொடாமல் வைத்திருந்தேன். பிப்ரவரியில் மறுத்ததை மறைக்கவில்லை. அப்போது வேறொருவர் எழுதிய கடிதத்தைப் படிக்காமல் கையெழுத்திட்டேன், கணக்கில் வந்த பணம் சீட்டும் கைமாற்றும், கைமாற்றைத் திருப்பிக் கொடுத்தாயிற்று என்று நேராகவே எழுதினோம். ‘இவ்வளவு சொல்லணுமா சார்வாள்?’ என்று கேட்டேன். ‘அவன்கிட்ட ஏற்கெனவே எல்லாம் இருக்குடே, கம்ப்யூட்டர்ல’ என்றார்.

ஆகஸ்ட் முதல் வாரம் சென்னை போனேன். அல்வாவை முதலில் சித்தி வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் மையத்துக்குப் போனேன். பொதுவாக 15 நாள் என்று சொல்வார்கள், மேலும் விசாரிக்க வேண்டியிருந்தால் 45 நாள் வரை போகலாம். எனக்கு பதினாறாம் நாள் வந்தது. கூரியர்க்காரர் கொடுத்ததும் கவரைப் பிரிக்கவில்லை. கடையில் ஆள் எல்லாரும் போகட்டும் என்று காத்திருந்தேன். பிரித்தால், பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கர்.

பழக்கம், ஐ கிளாஸைக் கண்ணில் செருகிக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். நீங்களும் பாருங்கள், பெயரில் ஒரு எழுத்து தப்பினாலும் உடனே சொல்லித் திருத்த வேண்டும். செல்லுபடியாகும் தேதி செப்டம்பர் 20 முதல் அக்டோபர் 14 வரை என்று இருந்தது. ஆகா, 25 நாள் இருக்கலாம் போலிருக்கிறதே என்று நினைத்தேன். கீழே தங்கும் நாள் என்ற இடத்தில் 10 என்று போட்டிருக்கிறது. அந்த 25 நாள் இடைவெளிக்குள் எப்போது வேண்டுமானாலும் போகலாம், ஆனால் பத்து நாள்தான் இருக்கலாம். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும், ராத்திரி 11 மணிக்கு இறங்கினாலும் அது ஒரு நாள். என் டிக்கெட்டை அதற்குப் பிறகுதான் எடுத்தேன், 66,000. ஆஃபரில் எடுத்ததைவிட 4,600 கூட. தூக்கம் வந்தது, அது போதும்.

சாயங்காலம் சார்வாளுக்குப் போன் போட்டேன். நடந்தே கடைக்கு வந்துவிட்டார். ஸ்டிக்கரைக் கையில் வாங்கி, தூரத்தில் பிடித்து, பக்கத்தில் பிடித்துப் படித்தார். ‘நல்லதுடே’ என்றார். பிறகு இடது மணிக்கட்டைத் தடவிக்கொண்டே, ‘ஆமா, என் ஜனதா என்ன ஆச்சு?’ என்றார்.

சித்திரையில் வாங்கி வைத்தது. மேசை இழுப்பறையைத் திறந்தேன். கண்ணாடிக் கிண்ணத்துக்குள், திறந்த பின்மூடியோடு, பேலன்ஸ் வீல் தனியாக, அன்றைக்கு எப்படி வைத்தேனோ அப்படியே இருந்தது.

‘போகுறதுக்கு முன்னாடி முடிச்சிருதேன் சார்வாள்.’

‘எப்ப போறே?’

‘இருபதாம் தேதி.’

‘எந்த மாசம் இருபதுன்னு எழுதிக் குடு’ என்றார்.